சாக்குக்குள் படுக்க வந்த நாலு பேர்

எழும்பூர் ஸ்டேஷனில் வைத்துத்தான் கணக்கன் அந்தத் தராசை வெளியே எடுத்தான். விமானத்தில் போகிறவர்கள் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்களே, அந்தக் கைத்தராசு. பேங்கில் வேலை பார்க்கிறவன், எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டான். என் பை 11 கிலோ. அவனுடையது 9. டீக்கடையின் பை 8, அதிலும் பாதி பிஸ்கட். ஆல்ப்ஸ் கொண்டு வந்த பையைத் தூக்கியபோது தராசு ஒரு முனகு முனகி 17 என்று காட்டியது.

பட்டப்பெயர்களுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒன்றாகக் கல்லூரி படித்த நாலு பேர் நாங்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டோம். அரைமணி நேரத்துக்கு ஒரு டீ உள்ளே போகாவிட்டால் ஒருவன் முகம் வாடிவிடும், அவன் டீக்கடை. இன்னொருவனை கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு தடவை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பேச்சையும் அங்கே கொண்டு போய்த்தான் நிறுத்துவான், ஆகவே ஆல்ப்ஸ். எனக்கும் ஒரு பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம்.

"முதுகுல பையைப் போட்டுட்டு ஏதாவது ஆளில்லாத பீச்சுக்குப் போகணும்டா" என்பது எங்கள் வாட்ஸப் குழுவின் ஏழு வருஷத்து வேண்டுதல். முதலில் கோவா என்றோம். அங்கே கூட்டம் என்று கோகர்ணா ஆனது. கோகர்ணாவும் இப்போது அப்படித்தான் என்று யாரோ சொல்ல, அந்தமானுக்குத் தாவினோம். விமான டிக்கெட் விலையைக் கணக்கன் குழுவில் போட்டதும் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி நான்தான் சும்மா ஒரு வார்த்தை எழுதினேன்: மணப்பாடு.

சின்ன வயதில் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில், தூரத்தில் மணல்மேட்டு உச்சியில் வெள்ளையாக ஒரு கோயில் நிற்பதைப் பார்த்த ஞாபகம். இறங்கியதில்லை. திருச்செந்தூரிலிருந்து தெற்கே ரோட்டு வழியாகப் போனால் 18 கிலோமீட்டர் போல வரும். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடு, அதன் மடியில் ஒரு மீனவ ஊர், பக்கத்திலேயே கருமேனியாறு கடலில் கலக்கிற கழி. லாட்ஜும் கிடையாது, ரிசார்ட்டும் கிடையாது. என் அலுவலகத்தில் ஒருவருடைய பெரியம்மா அங்கே இருக்கிறார், ஒரு ராத்திரிக்கு இடம் கொடுப்பார் என்று ஏற்பாடு. மற்ற ராத்திரிகளுக்கு ஆல்ப்ஸின் கூடாரம். 17 கிலோவின் ரகசியம் அதுதான். கூடாரம், நாலு தூக்கப் பை, மடக்கு அடுப்பு, ஒரு அலுமினியக் கெட்டில். தை மாதத் தூத்துக்குடிக் கரைக்கு, பூஜ்யம் டிகிரி தாங்குகிற தூக்கப் பை.

செந்தூர் எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்பி, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு காலையில் திருச்செந்தூரில் இறக்கிவிட்டது. சனிக்கிழமை. இறங்கியதுமே எங்கள் திட்டத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. தைப்பூசத்துக்கு முந்திய நாட்கள். ஊர் முழுக்கப் பச்சை. ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கமிருந்தெல்லாம் நாள்கணக்கில் நடந்து வந்த பாதயாத்திரைக்காரர்கள் பச்சை வேட்டி, பச்சைச் சேலையில் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். நாழிக்கிணற்றுப் பக்கம் தலை மட்டும்தான் தெரிந்தது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத தண்ணீர் சுரக்கிற கிணறு அது. ஒரு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டு போகலாம் என்று ஆசைதான், வரிசையைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி.

கடற்கரையோடு தெற்கே நடக்க ஆரம்பித்தோம். எதிரே வந்த ஒரு பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு அக்கறையாக நிறுத்தினார்.

"சாமி, கோயில் பின்னால இருக்கு. வழிமாறிப் போறிய."

"இல்லய்யா, நாங்க மணப்பாட்டுக்கு."

"நடந்தா?"

"நடந்துதான்."

"என்ன நேர்ச்சை?"

டீக்கடை ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான். பெரியவர் முதுகில் ஒரு மஞ்சள் பை, கையில் ஒரு சொம்பு. ஆறு நாள் நடந்து வந்திருக்கிறாராம். செருப்பு இல்லை. நாங்கள் நாலு பேரும் நின்றிருந்த காலணிகளின் விலையைக் கூட்டினால் அவர் ஊரிலிருந்து ஒரு வேன் வைத்து வந்திருக்கலாம்.

மணலில் நடப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எந்தப் பயணக் காணொளியிலும் இதைச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். மேலே காய்ந்த மணலில் நடந்தால் கால் புதையும், ஒரு அடி வைத்தால் அரை அடிதான் முன்னேறும். அதனால் எல்லோரும் அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற கெட்டி மணலுக்கு இறங்குவார்கள். அங்கே கால் புதையாது, ஆனால் கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். தெற்கே நடக்கிறவனுக்கு இடது கால் எப்போதும் பள்ளத்தில், வலது கால் மேட்டில். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மணியில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். திரும்பிப் பார்த்தால் செந்தூர்க் கோபுரம் அப்படியே நின்றது. கோயிலின் கிழக்கே கடல் இருப்பதால் ராஜகோபுரத்தை மேற்கே கட்டியிருக்கிறார்கள், ஒன்பது நிலை. எவ்வளவு நடந்தாலும் சிறுக்கமாட்டேன் என்று அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆலந்தலையில் ஒரு டீ. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கெட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்லாமொழி பக்கம் வந்தபோது கடலுக்குள் நீண்டு போகிற பெரிய பாலம் கண்ணில் பட்டது. உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்கான பாலம் அது. தூண் தூணாகக் கடலுக்குள் நடந்து போய், கண்ணுக்கெட்டிய தூரத்தில் மங்கிவிடுகிறது. அந்த இடத்தில் கரையோடு போகிற யோசனையை நாங்களே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறினோம். 'ஆளில்லாத தீரம்' என்று மனதில் ஒட்டி வைத்திருந்த படத்தின் ஒரு மூலை அப்போதே கிழிந்துவிட்டது.

குலசேகரப்பட்டினம் வந்து சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தசராவுக்குக் காளி, குறவன், போலீஸ், குரங்கு என்று லட்சக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வருகிற ஊர், முத்தாரம்மன் ஊர், வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. 1942-இல் இங்கே உப்பளத்தில் புகுந்த போராட்டக்காரர்களுக்கும் வெள்ளைக்கார அதிகாரிக்கும் நடந்த மோதலில் அந்த அதிகாரி செத்துப்போனதும், அதற்காக இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு அப்புறம் அவர்கள் உயிர் தப்பியதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நின்று இடம் பார்க்கலாம் என்றேன். கணக்கனின் வலது முட்டி அதற்குள் வீங்கி, வெண்டைக்காய் போல இருந்த கால் சுரைக்காய் ஆகியிருந்தது.

ஆக, மீதித் தூரம் டவுன் பஸ்.

நான் மறைக்கப் போவதில்லை. முதுகுப்பைப் பயணிகள் நாலு பேரும் மீன் கூடைகளுக்கும் உடன்குடிக் கருப்பட்டி மூட்டைக்கும் நடுவே நின்றுகொண்டு மணப்பாட்டுக்குப் போனோம். கண்டக்டர் ஆல்ப்ஸின் பையை ஒரு தட்டுத் தட்டி, "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும் சார்" என்றார். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "பாவம், எடுத்துட்டுப் போவட்டும், வூட்ட வுட்டு வந்துட்டாவ போல" என்றார். டிக்கெட் போடவில்லை.

பெரியம்மாவின் வீடு கோயில் தெருவுக்குள் இருந்தது. மணப்பாட்டுத் தெருக்களில் நடந்தால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். மீனவ ஊர் என்று நினைத்து உள்ளே போகிறவன் எதிரே, தூணும் வளைவும் மாடியுமாக அரண்மனை மாதிரி வீடுகள் நிற்கும். ஒரு காலத்தில் கொழும்போடு வியாபாரம் செய்த குடும்பங்கள் கட்டியவை. நிறைய வீடுகளில் பூட்டு தொங்குகிறது. பிள்ளைகள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். முத்துக்குளித்துறையின் ஏழு துறைகளில் இது ஒன்று: வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரோடு சேர்ந்து கிறிஸ்தவத்துக்கு வந்தபோது கூடவே வந்த குடும்பப் பெயர்கள் இன்னும் வாசல் பலகைகளில் இருக்கின்றன. பெர்னாண்டோ, கொரைரா, மிராண்டா. பலகை லிஸ்பனுக்குப் பொருந்தும், உள்ளே கேட்கிற தமிழோ அசல் கடற்கரைத் தமிழ்.

"எதுக்கு மக்கா வந்திய?" என்றார் பெரியம்மா, சாப்பாடு போட்டுக்கொண்டே.

"சும்மாதாம்மா. கடல் பார்க்க."

"சும்மாவா?" அவருக்குப் பிடிபடவில்லை. "கோயிலுக்கா? கோயிலுக்குன்னா செப்டம்பர்ல வரணும், திருவிழாவுக்கு. இல்ல, படம் எடுக்க வந்தியளா?"

படம் எடுக்க ஆள் வந்து பழகிய ஊர்தான். சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' இங்கே எடுத்தது. மணிரத்னம் 'கடல்' எடுக்கவும் இங்கே வந்தார். அதெல்லாம் இல்லை, அமைதியாக நாலு நாள் இருக்கத்தான் வந்தோம், கடற்கரையிலேயே கூடாரம் போட்டுத் தூங்கப் போகிறோம் என்று ஆல்ப்ஸ் தூக்கப் பையை விரித்துக் காட்டினான். பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"வூடு இருக்கும்போது எதுக்கு மக்கா சாக்குக்குள்ள படுக்கணும்?"

எங்களிடம் பதில் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயில் மணி அடித்து ஊரே பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நாங்கள் கரைக்குப் போனோம். நாங்கள் ஏழு வருஷமாகக் கேட்ட கடற்கரை அங்கே அப்படியே இருந்தது. வடக்குப் பக்கம் பிறை மாதிரி வளைந்த கரை. மேடு தெற்கே இருந்து வருகிற அலையைத் தோள் கொடுத்துத் தாங்கிக்கொள்வதால் இந்தப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. நீலம், மஞ்சள், பச்சை என்று பைபர் படகுகள் மணலில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு மனுஷ ஜீவன் இல்லை. ஒரு நாய் மட்டும் படகு நிழலில் படுத்து எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"தாய்லாந்துல இந்த இடத்துக்குப் பணம் வாங்குவான்டா" என்றான் ஆல்ப்ஸ். சுவிட்சர்லாந்தை விட்டு அவன் வெளியே வந்ததே பெரிய விஷயம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மேட்டில் ஏறினோம். திருச்சிலுவை நாதர் கோயில் 1581-இல் கட்டியது. அதற்கு முன்னால் அங்கே ஒரு மரச்சிலுவை மட்டும் இருந்திருக்கிறது. 1540 வாக்கில் புயலில் மாட்டிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் கேப்டன், கரை சேர்ந்தால் சிலுவை நடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, முறிந்துபோன பாய்மரத்திலேயே ஒரு சிலுவை செய்து இந்த மேட்டில் நட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அந்தச் சிலுவை இங்கே நின்றிருக்கிறது. மேட்டின் கடல் பக்கத்துச் சரிவில் ஒரு குகை இருக்கிறது. அவர் தங்கி ஜெபம் செய்த இடம் என்கிறார்கள். குனிந்து உள்ளே போனால் வெளியே இருக்கிற வெயிலும் காற்றும் சட்டென்று நின்றுபோய், அலைச் சத்தம் மட்டும் பாறை வழியாகக் காலுக்குள் ஏறுகிறது.

சவேரியார் கொண்டுவந்த பை எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று கணக்கன் கேட்டான். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான், ஆனால் நாலு பேருக்குமே அதுதான் தோன்றியது.

தென்பக்கம் வேறு கடல். மேட்டைத் தாண்டியதுமே அலை எழும்பி உருண்டு வந்து உடைகிறது. பலகைச் சறுக்கு விளையாடுகிறவர்கள் இந்த முனையைத் தேடி வருவது அதனால்தான். ஆல்ப்ஸ் சட்டையைக் கழற்றிவிட்டான். பூசை முடிந்து வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்துகொண்டிருந்த ஒருவர், மேலேயிருந்தே இரண்டு கையையும் ஆட்டினார்.

"தம்பி! அங்கன எறங்காத. நீவாடு இழுத்துரும்."

நீவாடு என்றால் நீரோட்டம். கரைக்காரர்கள் தண்ணீர் எந்தத் திசைக்கு ஓடுகிறது, மேலே ஒரு பக்கமும் அடியில் வேறு பக்கமும் ஓடுகிறதா என்பதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். காற்றுக்கும் அப்படித்தான். வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' படித்தபோது இந்தச் சொற்களுக்காகப் பின்பக்கம் புரட்டிப் புரட்டிக் களைத்திருக்கிறேன். இங்கே ஒரு மனிதர் அதை ஆளைக் காப்பாற்றுவதற்காகக் கத்துகிறார். அவர் இறங்கி வந்து, வடக்குக் கரையில் இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளிக்கச் சொல்லிவிட்டு, எங்கள் பெயர், ஊர், சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுவதும் அந்த வளைகுடாவில் எருமைகள் மாதிரி கிடந்தோம். பெரியம்மா மத்தியானம் சாளைக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். ஆல்ப்ஸின் மடக்கு அடுப்பில் டீ போடப் பார்த்தோம். காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை தண்ணீர் கொதித்தபோது கெட்டிலில் பாதி மணல். டீக்கடை அதையும் குடித்தான்.

சாயங்காலம் கூடாரத்துக்கு இடம் தேடினோம். அலை வராத தூரம் வேண்டும், காற்று மறைப்பு வேண்டும், தரை சமமாக வேண்டும். படகுகளுக்கு நடுவே, அலைவாய் வரைக்கும் நீளமாக, யாரோ உருட்டி வைத்த மாதிரி சமதளமாக ஒரு இடம் காலியாகக் கிடந்தது. இவ்வளவு அருமையான இடத்தில் ஏன் யாரும் படகைப் போடவில்லை என்று நாலு பட்டதாரிகளில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ராத்திரி, சொல்லக்கூடாது, ரொம்ப நன்றாக இருந்தது. கலங்கரை விளக்கம் சுற்றி வந்து சுற்றி வந்து போனது. தூக்கப் பைக்குள் யாரும் போகவில்லை, விரித்து மேலே படுத்துக்கொண்டோம். கல்லூரி ஹாஸ்டலில் பேசியதையே மறுபடி பேசினோம். கணக்கன் தன் அப்பா போன பிறகு முதல் தடவையாக அவரைப் பற்றிப் பேசினான். என்ன பேசினான் என்பது எங்களோடு இருக்கட்டும். எப்போது தூங்கினோம் என்று தெரியாது.

யாரோ கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள்.

"ஏய்! யாருப்பா உள்ள?"

மணி மூணு பத்து. டார்ச் வெளிச்சம் துணி முழுக்க அலைந்தது. வெளியே தலையை நீட்டினேன். அமைதியான கடற்கரை போன இடம் தெரியவில்லை. கரை முழுக்க ஆள். எஞ்சின் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர், எண்ணெய்க் கேனோடு ஒருவர், வலையைத் தோளில் சுமந்து இன்னும் நாலு பேர். பக்கத்தில் ஒரு எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. பீடிக் கங்குகள் மிதந்து போயின. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. நாங்கள் தேடிக் கண்டுபிடித்த நிசப்தம் அந்த ஊரின் வாராந்தர லீவு.

"போட்டு தள்ளுற தடத்துல படுத்திருக்கிய தம்பி" என்றார் டார்ச்சுக்காரர். கோபமே இல்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. நேற்று நீவாடு என்று கத்தியவர். இப்போது கைலியும் கிழிந்த பனியனும்.

கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்க ஆல்ப்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஆறு பேர் அதை எங்கள் சாமான்களோடு சேர்த்து அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார்கள், பல்லக்கு மாதிரி. உள்ளே டீக்கடை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் சும்மா நிற்க முடியுமா? நாங்களும் தோள் கொடுத்தோம். படகு என்பது பார்க்கத்தான் பொம்மை மாதிரி இருக்கும். அடியில் உருளைக் கட்டை போட்டு, ஒருவர் சத்தம் கொடுக்க எல்லோரும் ஒரே மூச்சில் தள்ள வேண்டும். மூச்சு மாறினால் ஒரு அங்குலம் நகராது. நாங்கள் ஜிம்முக்குப் போகிறவர்கள் தள்ளியது எல்லாம் தப்பான நேரத்தில். எழுபது வயசு இருக்கும் ஒரு தாத்தா என் கையைப் பிடித்து எடுத்து, "கை வச்சா போதும், நாஞ் சொல்லும்போது தள்ளு" என்றார். சொன்னபோது தள்ளினேன். படகு சறுக்கித் தண்ணீரில் விழுந்ததும், அத்தனை எடையும் சட்டென்று காணாமல் போய்விட்டது. உள்ளங்கையில் ஈரப் பெயிண்ட் வழுவழுப்பு மட்டும் மிச்சம்.

நாலு மணிக்குள் எல்லாப் படகும் போய்விட்டன. விளக்குகள் கடலில் தூரம் தூரமாகச் சிதறின. மறுபடி நிசப்தம். எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் அவர்கள் திரும்பியபோது கரையில் கூடைகளோடு பெண்களும் ஐஸ் பெட்டியோடு வண்டிகளும் வந்து நின்றன. நெத்திலி, சாளை, கொஞ்சம் கணவாய், வலையில் சிக்கிய நண்டுகள். ஏலம் போடுகிறவர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு எண்ணும் விளங்கவில்லை. கணக்கனுக்கு மட்டும் விளங்கியது. அவன் படகுக்காரரிடம் போய் உட்கார்ந்துகொண்டான். எண்ணெய்க் காசு போக மீதியில் போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒன்று. அன்றைக்கு அந்தப் படகில் நாலு பேர். கணக்கன் மனக்கணக்குப் போட்டான், அப்புறம் மொபைலில் போட்டான், அப்புறம் மொபைலைப் பையில் வைத்துவிட்டான்.

"அண்ணே, ஆளுக்கு இருநூத்திச் சொச்சம்தான வருது?"

"இன்னைக்கு வருது. நேத்து வரல, லீவு. முந்தாநாளு எண்ணெய்க்கே கட்டல." அவர் நண்டின் காலை வலையிலிருந்து முறியாமல் விடுவித்துக்கொண்டே பேசினார். ஒவ்வொரு காலுக்கும் வேறு கண்ணி. ஒரு நண்டுக்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. "ஒருநா பத்தாயிரமும் வரும். அத நெனச்சித்தான் மத்த நாளு போறது."

கடலுக்குள் எந்த இடத்தில் வலை போட்டோம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது என்றார். அவருடைய அப்பா காலத்தில், மேட்டுக் கோயிலையும் கரையில் இருக்கிற இன்னொரு அடையாளத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, அதே மாதிரி இன்னொரு கோடு பிடித்து, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பாறை இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வார்களாம். அவருக்கு இன்னும் தெரியும். மகனுக்குத் தெரியாது, அவன் கப்பலில் வேலை.

பேச்சு குலசேகரப்பட்டினத்து ராக்கெட் தளத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கி ராக்கெட் விட்டால் இலங்கைக்கு மேலே போகக்கூடாது என்பதற்காக வழியில் வளைத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இங்கிருந்து விட்டால் நேரே தெற்கு, கீழே முழுக்கக் கடல். நான் இதையெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கீழ முழுக்கக் கடல்னா, நாங்க அங்கனதான தம்பி இருப்போம்" என்றார். "அன்னைக்கு எங்களப் போகாதன்னு சொல்லுவாவ. அதான் கேட்டுக்கிட்டு இருக்கோம், வருசத்துக்கு எத்தன நாளுன்னு."

அந்த நண்டை எங்களுக்கே கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றார், போட்டு தள்ளியதற்குக் கூலி என்றார். நான் தள்ளியதற்கு நண்டின் ஒரு கால்கூட அதிகம்.

புதன்கிழமை சாயங்காலம் ரயில். மீதி இரண்டு ராத்திரியும் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் கோரைப் பாயில் படுத்தோம். அதுவரை அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை. மூணு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டு விழிப்பதும், அது கடலுக்குள் தேய்ந்து போவதைக் கேட்டபடியே திரும்பத் தூங்குவதும் இரண்டாம் நாளே பழகிவிட்டது. பகலில் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஊர் உறங்கும். அப்போது கரைக்குப் போனால் எங்கள் பழைய பீச் அங்கே இருக்கும், நாயும் இருக்கும்.

கிளம்பும்போது பைகளைக் கட்டினோம். கணக்கன் தராசை எடுக்கவில்லை. பெரியம்மா ஆளுக்கொரு பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி வைத்துக் கொடுத்தார். அந்த ஊர்ப் பெண்கள் முடைகிற பெட்டி, குருத்தோலையில் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றியது. ஆல்ப்ஸின் பையில் அதற்கு இடமில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். பிறகு கூடாரத்தை வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை வைத்தான்.

"இத என்ன மக்கா செய்ய நான்?"

"இருக்கட்டும்மா. அடுத்த தடவை வருவோம்ல."

போன வாரம் அலுவலகத்தில் அவருடைய மகன் முறைக்காரர் என் மேசைக்கு வந்து மொபைலில் ஒரு போட்டோ காட்டினார். மொட்டை மாடி. நாலு கல்லை மூலைக்கொன்றாக வைத்து விரித்திருந்தது, எங்கள் கூடாரத்தின் மேல்துணி. பனி, மழை, காற்று எதுவும் உள்ளே போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்து விற்ற அதே ஆரஞ்சுத் துணி. அதன்மேல் முழுக்க நெத்திலி, ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா கேக்கச் சொன்னாங்க" என்றார். "மணல் ஒட்டமாட்டேங்குதாம். இது மாதிரி இன்னொன்னு கிடைக்குமான்னு."